‘உங்க அப்பா யார்?’: ஐரிஷ் நாவல்களை விடாத ஒரு கேள்வி

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வந்த நவீனத்துவ ஐரிஷ் நாவல்களில், பிறந்த குடும்பமும் பிறந்த நாடும் கதாநாயகனை எந்த அளவுக்கு உருவாக்குகின்றன? கூடவே இன்னொன்று: ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவல் நாயகன் ஸ்டீபன் டெடலஸ், நாடு, மொழி, மதம் என்ற வலைகளிலிருந்து தப்பிப் பறந்துவிடப் போவதாகச் சொல்கிறானே, பறந்தானா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பறக்கவில்லை. பறந்தான் என்று பாடம் நடத்துகிறவர்கள் நிறையப் பேர். நானும் கல்லூரியில் அப்படி எழுதித்தான் மதிப்பெண் வாங்கினேன். ரொம்ப நாள் கழித்துத் திரும்பப் படித்தபோதுதான், ஜாய்ஸ் அப்படிச் சொல்லவே இல்லை என்று உறைத்தது.

இனி முதல் கேள்வி. இந்தக் கதைகளில் குடும்பமும் நாடும் யாரோ ஒருவர் எதிரே வந்து நின்று கேட்கிற கேள்வியாகத்தான் நுழைகின்றன. நீ யார், உன் அப்பா யார், உன் நாடு எது? பள்ளி மைதானத்தில் கேட்கிறார்கள், நடன விருந்தில் கேட்கிறார்கள், மதுக்கடையில் கேட்கிறார்கள், போலீஸ் ஸ்டேஷனிலும் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கேட்கப்பட்டவர் தடுமாறுகிறார். அந்தத் தடுமாற்றத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஆள் கிடைத்துவிடுவார்.

1916இல் புத்தகமாக வந்த ‘எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் ஆஸ் எ யங் மேன்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில பக்கங்களிலேயே அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கில்டேர் மாவட்டத்தில் கிளாங்கோஸ் வுட் என்ற ஜெசுயிட் உறைவிடப் பள்ளி. வசதியான கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம். ஸ்டீபன் சின்னப் பையன், பார்வை மங்கல், பந்து பக்கத்தில் வராமல் ஓரமாக ஓடிக்கொண்டிருப்பவன். நாஸ்டி ரோச் என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு பையன் வந்து பெயர் கேட்கிறான். ஸ்டீபன் டெடலஸ் என்கிறான் இவன். “இது என்ன பேரு?” என்கிறான் ரோச். இவனுக்குப் பதில் தெரியவில்லை. “உங்க அப்பா என்ன?” “ஜென்டில்மேன்.” “மாஜிஸ்திரேட்டா?”

அவ்வளவுதான் பேச்சு, நாலு வரி. ஆனால் இதற்குப் பிறகு வருகிற முந்நூறு பக்கமும் இந்த நாலு வரிக்கு விரிவுரை என்று சொன்னால் மிகையில்லை. டெடலஸ் கிரேக்கப் பெயர். அயர்லாந்தில் எந்தத் தெருவிலும் எந்த வம்சத்திலும் அதற்கு இடமில்லை. ஆகவே முதல் கேள்வியிலேயே பையன் ஊருக்குப் புறத்தியானாகிவிடுகிறான். ‘ஜென்டில்மேன்’ என்பது ஒரு வேலையே இல்லை. அப்பா வீட்டில் சொல்லிக்கொடுத்த வார்த்தையைப் பிள்ளை அப்படியே ஒப்பிக்கிறான். மற்ற பையன்களின் அப்பாக்கள்போல் தன் அப்பா மாஜிஸ்திரேட் ஆகவில்லையே என்று பின்னால் ஓர் இடத்தில் அவருக்காக வருத்தப்படுகிறான். விடுமுறைக்கு வீட்டுக்குப் போவதாகக் கனவு காணும்போது அதில் அப்பா மார்ஷல் ஆகியிருக்கிறார். மாஜிஸ்திரேட்டைவிடப் பெரிய பதவி. மைதானத்தில் பட்ட அடியைக் குழந்தை மனசு கனவில் சரிக்கட்டிக்கொள்கிற இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதே பையன் பூகோளப் புத்தகத்தின் முதல் தாளில் தன் விலாசத்தை எழுதி வைத்திருக்கிறான். பெயர், வகுப்பு, பள்ளி, ஊர், மாவட்டம், அயர்லாந்து, ஐரோப்பா, உலகம், பிரபஞ்சம். கீழிருந்து மேலே படித்துக்கொண்டு வந்தால் கடைசியில் தன் பெயரில் வந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் எல்லா ஊரிலும் செய்கிற விளையாட்டுதான். ஆனால் கவனியுங்கள், அந்தப் பட்டியலில் பள்ளி இருக்கிறது, வீட்டு முகவரி இல்லை. ஐரோப்பா இருக்கிறது, பிரிட்டன் இல்லை. அன்று அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடு.

சரி, நாடு என்பது இந்தக் குழந்தைக்கு எந்த வழியாகத் தெரியவருகிறது? பாடப்புத்தகம் வழியாக வரவில்லை, சாப்பாட்டு மேஜை வழியாக வருகிறது. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும். சார்லஸ் ஸ்டீவர்ட் பார்னெல் என்ற தலைவர், புராட்டஸ்டண்ட் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர், கத்தோலிக்க அயர்லாந்துக்குத் தன்னாட்சி வாங்கித்தரும் தூரத்தில் வந்து நின்றவர். மணமான ஒரு பெண்ணோடு அவருக்கிருந்த உறவு 1890இல் விவாகரத்து வழக்கில் அம்பலமானது. ஆயர்கள் கண்டித்தார்கள், கட்சி உடைந்தது, மறுவருடம் அக்டோபர் 6ஆம் தேதி 45 வயதில் செத்துப்போனார். வீட்டுக்கு வீடு சண்டை. அந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் விருந்தை ஜாய்ஸ் எழுதுகிறார்.

ஸ்டீபன் பெரியவர்களோடு மேஜையில் உட்கார அனுமதிக்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் அது. அப்பா சைமன் வான்கோழியை அறுத்து எல்லோருக்கும் பரிமாறுகிறார். பறவையின் வால்பக்கத் துண்டுக்கு அங்கே ‘போப்பின் மூக்கு’ என்று பெயர். அதைத் தூக்கிக் காட்டி யாருக்கு வேண்டும் என்கிறார். குருமாரை விட்டுக்கொடுக்காத டான்டே என்ற பெண்மணி எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தே சொல்கிற கிண்டல். அங்கே பற்றிய நெருப்பு மேஜை முழுக்கப் பரவுகிறது. டான்டேயிடம் இரண்டு பிரஷ் இருந்ததாக நாவலின் முதல் பக்கத்திலேயே வரும்: அரக்கு நிற வெல்வெட் முதுகு வைத்தது மைக்கேல் டேவிட் என்ற தலைவருக்கு, பச்சை வெல்வெட் வைத்தது பார்னெலுக்கு. வழக்கு வெடித்தபின் அந்தப் பச்சை வெல்வெட்டை அவள் கத்தரிக்கோலால் பிய்த்து எறிந்திருக்கிறாள். விருந்தின் முடிவில் அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு, “ஜெயித்தோம், அவனை நசுக்கிக் கொன்றோம்” என்று கத்திக்கொண்டு வெளியேறுகிறாள். விருந்தாளியாக வந்த மிஸ்டர் கேசி, செத்துப்போன தன் ராஜாவை நினைத்துத் தலையைக் கையில் புதைத்து அழுகிறார். பயந்துபோன பையன் நிமிர்ந்து பார்க்கிறான். அப்பாவின் கண் நிறையத் தண்ணீர். காட்சி அங்கேயே முடிகிறது.

நாடு என்றால் என்ன என்று அந்தப் பிள்ளை கற்ற முதல் பாடம் அப்பாவின் கண்ணீர். இதற்குப் பிறகு யார் வந்து தேசம், தியாகம் என்று பேசினாலும் அவனுக்கு அந்த மேஜைதான் நினைவுக்கு வரும். ஜாய்ஸின் சொந்த வாழ்விலும் இதற்கு வேர் உண்டு. பார்னெலைக் கைவிட்டவர்களில் முக்கியமானவரான டிம் ஹீலியைச் சாடி ஒன்பது வயதில் ஒரு கவிதை எழுதினார். அப்பா ஜான் ஜாய்ஸ் பெருமையோடு அச்சடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். பார்னெல் விழுந்த அதே சில வருடங்களில் அந்த அப்பாவும் விழுந்தார். வரி வசூல் அலுவலக வேலை போனது, கார்க் நகரத்துப் பூர்வீகச் சொத்து போனது, வீடு மாறி வீடு மாறி ஒவ்வொன்றும் முந்தையதைவிட மட்டமானதாக அமைந்தது. பத்துப் பிள்ளைகள், மூத்தவர் ஜேம்ஸ். இதனால்தான் நாவலில் நாட்டின் வீழ்ச்சியையும் வீட்டின் வீழ்ச்சியையும் தனித்தனியாகப் பிரிக்க வரவில்லை. அப்பாவின் வாயில் இரண்டும் ஒரே புலம்பலாக வெளிப்படுகின்றன.

கார்க் பயணம் அந்த நாவலில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சொத்தை ஏலம் விட அப்பா போகிறார், பையனையும் கூட்டிப் போகிறார். வழியெல்லாம் பழங்கதை, ஊரில் பழைய சிநேகிதர்களோடு குடி. தான் படித்த கல்லூரியின் உடற்கூறு அறையில், மரமேஜையில் செதுக்கிய தன் முதலெழுத்துக்களைத் தேடுகிறார். தேடிக்கொண்டிருக்கும்போது மகன் கண்ணில் படுவது வேறொரு வார்த்தை: ‘கரு’. யாரோ ஒரு மாணவன் எப்போதோ செதுக்கியது. பையனுக்கு உடம்பு நடுங்குகிறது. அப்பாவின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பிறக்காத பிள்ளை. தெருவில் நடக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான்: நான் ஸ்டீபன் டெடலஸ், பக்கத்தில் நடப்பவர் என் அப்பா சைமன் டெடலஸ், இது கார்க், அயர்லாந்தில் இருக்கிறது, நாங்கள் தங்கியிருப்பது விக்டோரியா ஹோட்டல். விக்டோரியா, ஸ்டீபன், சைமன். பெயர்கள். பூகோளப் புத்தகத்தில் எழுதிய அதே விலாசம்தான், ஆனால் இப்போது ஒன்றோடொன்று ஒட்டாமல் கழன்று நிற்கிறது. அந்த விக்டோரியாவைக் கவனித்தீர்களா? அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் இங்கிலாந்து ராணியின் பெயர் வந்து உட்கார்ந்துவிட்டது.

பல்கலைக்கழகத்தில் நண்பன் ஒருவன் அப்பாவைப் பற்றிக் கேட்கும்போது ஸ்டீபன் ஒரு பட்டியல் போடுகிறான்: மருத்துவ மாணவர், படகோட்டி, பாடகர், அரசியல் கத்துபவர், சின்ன நிலக்காரர், குடிகாரர், நல்ல மனிதர், கதைசொல்லி, வரி வசூலிப்பவர், திவாலானவர், தற்போது தன் கடந்த காலத்தைப் புகழ்ந்துகொண்டிருப்பவர் என்று போகிறது. ரோச் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது.

மொழி விஷயத்தை ஒரு புனலை வைத்து முடிக்கிறார் ஜாய்ஸ். கல்லூரி டீன் ஆங்கிலேயர், மதம் மாறிய கத்தோலிக்கர். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற புனலுக்கு ஸ்டீபன் ‘டண்டிஷ்’ என்று தன் வீட்டில் புழங்கும் சொல்லைச் சொல்கிறான். டீனுக்கு அந்த வார்த்தையே தெரியாது. ஐரிஷ் சொல்லா என்று கேட்கிறார். அப்போது ஸ்டீபன் நினைக்கிறான்: நாங்கள் பேசும் இந்த மொழி எனக்கு முன்னால் இவருடையது, வீடு, கிறிஸ்து போன்ற சொற்கள் இவர் வாயில் ஒரு மாதிரி, என் வாயில் ஒரு மாதிரி. இந்த வரிகளை மேற்கோள் காட்டாத பேராசிரியர் கிடையாது. ஆனால் பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நாவலின் கடைசியில் நாட்குறிப்பில் இன்னொரு வரி வரும். அவன் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டான். டண்டிஷ் என்பது பச்சை ஆங்கிலச் சொல்! டப்ளின்காரன் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, ஆங்கிலேயர் தொலைத்துவிட்டார். ஸ்டீபனுக்கு வருகிற கோபத்தில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது.

ஐரிஷ் மொழி படிக்கலாமே என்று கிராமத்திலிருந்து வந்த நண்பன் டேவின் கேட்கிறான். உன் பெயரையும் உன் யோசனைகளையும் பார்த்தால், நீ ஐரிஷ்காரன்தானா? மறுபடியும் பெயர். என் வம்ச விருட்சத்தைக் காட்டுகிறேன் வா என்கிறான் ஸ்டீபன். முதல் வகுப்போடு ஐரிஷ் படிப்பை விட்டதற்குத் தத்துவக் காரணம் எதுவும் இல்லை என்பதையும் ஜாய்ஸ் மறைக்கவில்லை: அவனுக்குப் பிடித்த பெண் அங்கே ஒரு பாதிரியாரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். (ஜாய்ஸும் பாட்ரிக் பியர்ஸிடம் கொஞ்ச நாள் ஐரிஷ் படித்துவிட்டு நின்றவர். ஐரிஷை உயர்த்துவதற்காகப் பியர்ஸ் ஆங்கிலத்தை மட்டம் தட்டினாராம். அந்தப் பியர்ஸை 1916 எழுச்சிக்காக பிரிட்டிஷார் சுட்டுக் கொன்றார்கள். ‘போர்ட்ரெய்ட்’ வெளிவந்ததும் அதே வருடம்.) வலைகள் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வசனமும், அயர்லாந்து தன் குட்டிகளைத் தானே தின்கிற கிழட்டுப் பன்றி என்ற வசனமும் டேவினிடம் பேசும் இந்த இடத்தில்தான் வருகின்றன.

ஆனால் இந்தப் பேச்செல்லாம் பேசுகிறவன் அன்று காலை எப்படி வீட்டைவிட்டுக் கிளம்பினான்? முழங்கைப் பக்கத்தில் அடகுச் சீட்டுப் பெட்டி. தண்ணீராய்ப் போன டீ, பொரித்த ரொட்டித் துண்டு. கழுத்தில் அழுக்கு, பல்கலைக்கழக மாணவனுக்கு அம்மா கழுவிவிடுகிறாள். “உங்களுக்கு அதில் சந்தோஷம்தானே” என்கிறான் கூசாமல். கடைசிப் பக்கத்தில் அவன் பாரிஸுக்குக் கிளம்பும்போதும் அம்மா யாரோ உடுத்திக் கழித்த துணிகளை வாங்கி அடுக்கிவைக்கிறாள். நாவலின் முடிவு வரியில் அவன் கூப்பிடுவது “பழைய தந்தையே, பழைய சிற்பியே” என்று புராணத்து டெடலஸை. சைமனை விட்டுவிட்டு இன்னோர் அப்பாவைத் தேடிக்கொண்டான், அவ்வளவுதான். அந்தக் கிரேக்கப் புராணத்தில், மெழுகால் ஒட்டிய சிறகுகளோடு அப்பா டெடலஸ் பறந்து தப்பினார். மெழுகு உருகிக் கடலில் விழுந்தவன் மகன் இகாரஸ்.

1922இல் வந்த ‘யுலிசஸ்’ இதை வெட்டவெளிச்சமாக்குகிறது. “அம்மா சாகக் கிடக்கிறாள், வீட்டுக்கு வா” என்று அப்பாவிடமிருந்து தந்தி. பறவை திரும்பிவிட்டது. நியூஹேவன் துறைமுகத்திலிருந்து தியெப்புக்கு, கடைசி வகுப்பு டிக்கெட், பாரிஸ் போய்த் திரும்பி வந்தது, இகாரஸ் என்று தன்னையே கேலி செய்துகொள்கிறான். 1904 ஜூன் 16 அன்று மத்தியானம் தள்ளுவண்டிப் புத்தகக் கடையருகே தங்கை டில்லியைப் பார்க்கிறான். வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லை. அவள் ஒரு பென்னி கொடுத்துக் கிழிந்த பிரெஞ்சு பாலபாடம் ஒன்றை வாங்கிவைத்திருக்கிறாள். அண்ணன்போலத் தானும் பிரெஞ்சு படிக்கலாம் என்று! இவள் மூழ்குகிறாள், காப்பாற்று என்று அவன் மனம் அடித்துக்கொள்கிறது. காப்பாற்றப் போனால் தன்னையும் இழுத்துக்கொண்டு மூழ்கிவிடுவாள் என்று பயம். சட்டைப்பையில் அன்று வாங்கிய சம்பளம் இருக்கிறது. ஒன்றும் கொடுக்காமல் நின்றுவிடுகிறான். குடும்ப வலையைத் தாண்டியவனைக் கொண்டாடுகிற கட்டுரைகள் இந்தத் தங்கையைச் சேர்த்துப் பேசுவதில்லை. மூத்த பையன் பறக்க முயன்றதற்கான செலவு அந்த வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுந்தது.

போய் வந்து சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நிற்பதற்கு ஜாய்ஸ் ஏற்கெனவே ஒரு கதை வைத்திருந்தார். 1914இல் வந்த ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பின் கடைசிக் கதை ‘தி டெட்’. அதன் நாயகன் கேப்ரியல் கான்ராய், படித்தவர், ஐரோப்பாவுக்கு சைக்கிள் பயணம் போகிறவர். விருந்தில் மிஸ் ஐவர்ஸ் என்ற தேசியவாதப் பெண் அவரை ‘மேற்கு பிரிட்டன்காரர்’, அதாவது ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்த ஐரிஷ்காரர், என்று சீண்டுகிறாள்; சொந்த நாட்டைப் பார்க்க வரக்கூடாதா என்கிறாள். என் நாடே எனக்குச் சலித்துவிட்டது என்று வெடிக்கிறார். அப்புறம் இரவு எல்லோரும் கிளம்பும் நேரத்தில், சிரிக்கவைப்பதற்காகத் தாத்தாவின் குதிரைக் கதையைச் சொல்கிறார். மாவுக்கஞ்சி ஆலையில் செக்குமாடுபோல் சுற்றிச் சுற்றி நடந்து பழகிய ஜானி என்ற குதிரை அது. ஒருநாள் தாத்தா அதை வண்டியில் பூட்டி, கஞ்சி போட்ட சட்டைக் காலரோடு ராணுவ அணிவகுப்பு பார்க்கக் கிளம்புகிறார். வழியில் கத்தோலிக்கர்களைத் தோற்கடித்த மூன்றாம் வில்லியம் ராஜாவின் சிலை. குதிரை அதைக் கண்டதும் சிலையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நிற்கவே இல்லை. கேப்ரியல் மழைக்காலணியோடு கூடத்தில் வட்டமாக நடந்து காட்டுகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். தான் எதை நடித்துக் காட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

இனி ‘யுலிசஸ்’ நாவலின் நாயகர் லியோபோல்ட் ப்ளூம். இந்தக் கேள்வியை ஜாய்ஸ் வேண்டுமென்றே தலைகீழாக்கிப் பார்த்த பாத்திரம் அவர். அப்பா ருடால்ஃப் விராக், ஹங்கேரியின் சோம்பத்ஹேய் ஊரிலிருந்து வந்த யூதர். விராக் என்றால் ஹங்கேரிய மொழியில் பூ. அதைத்தான் ஆங்கிலத்தில் ப்ளூம் என்று மாற்றிக்கொண்டார். 1886இல் எனிஸ் ஊர் ஹோட்டல் ஒன்றில் தற்கொலை செய்துகொண்டார். அம்மா எலன் ஹிக்கின்ஸ், அயர்லாந்துப் பெண். ப்ளூமுக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. யூத மரபு தாய்வழி பார்ப்பது. அந்தக் கணக்கில் அவர் யூதரே இல்லை. டப்ளின்காரர்கள் கண்ணுக்கு யூதரைத் தவிர வேறு ஒன்றுமில்லை.

மதுக்கடைக் காட்சியில் ‘சிட்டிசன்’ என்று மட்டும் பெயர் கொண்ட ஒரு தேசியவாதக் கிழவர், ஐரிஷ் விளையாட்டுக் கழகத்தை நிறுவிய மைக்கேல் கியூசாக்கின் சாயலில் வரைந்தது, இவரை மடக்குகிறார். தேசம் என்றால் என்ன தெரியுமா என்று முதலில் ஒருவர் கேட்க, “ஒரே இடத்தில் வாழ்கிற ஒரே மக்கள்” என்கிறார் ப்ளூம். அப்படியானால் நான் ஒரு தேசம், ஐந்து வருஷமாய் ஒரே இடத்தில்தான் இருக்கிறேன் என்று இன்னொருவர் சிரிக்கிறார். “அல்லது வேறு வேறு இடங்களில் வாழ்கிறவர்களும்” என்று திருத்திக்கொள்கிறார் ப்ளூம். இலக்கணம் எழுதத் தெரியாத மனிதர். சிட்டிசன் நேராகக் கேட்கிறார்: உன் தேசம் எது? “அயர்லாந்து. இங்கேதான் பிறந்தேன்.” கிழவர் பதில் பேசவில்லை, காறி மூலையில் துப்புகிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஷின் ஃபெய்ன் என்ற தேசியவாதக் கட்சியைப் பின்னால் நிறுவிய ஆர்தர் கிரிஃபித் அதே 1904இல் அயர்லாந்துக்கு முன்மாதிரியாகக் காட்டி எழுதிக்கொண்டிருந்தது ஹங்கேரியைத்தான். அந்த யோசனையைக் கிரிஃபித்துக்குக் கொடுத்தவரே ப்ளூம்தான் என்று கடைக்குள் வதந்தி வேறு. அந்நியன் என்று துப்பவும் வேண்டும், அந்நியனின் திட்டமும் வேண்டும்.

ப்ளூமின் பிறப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் இரண்டு பொருட்களைக் காட்டுவேன். காலையில் வாசற்படியில் நின்று சட்டைப்பையைத் தடவுகிறார். சாவி இல்லை. உருளைக்கிழங்கு இருக்கிறது. சுருங்கிப்போன ஒரு கிழங்கை நாள் முழுக்கச் சுமக்கிறார், செத்துப்போன அம்மாவின் நினைவாக. உருளைக்கிழங்குப் பயிர் அழுகி 1840களில் பத்து லட்சம் பேர் செத்த நாட்டில் அது சாதாரணப் பொருள் இல்லை. இன்னொன்று வீட்டில் பூட்டிய இழுப்பறைக்குள் இருக்கிறது: “என் அன்பு மகன் லியோபோல்டுக்கு” என்று அப்பா எழுதிவைத்த கடைசிக் கடிதம். சிட்டிசனிடம் இந்த இரண்டையும் எடுத்துக் காட்ட முடியாது. வம்சம் மேலே போகவும் வழியில்லை. பிள்ளை ரூடி பதினோரு நாளில் இறந்துவிட்டான். ஸ்டீபனுக்கு அப்பா அதிகம், ப்ளூமுக்கு அப்பாவும் இல்லை மகனும் இல்லை. இருவரையும் ஒரே இரவில் ஒரே சமையலறையில் கொக்கோ குடிக்கவைக்கிறார் ஜாய்ஸ். அப்பனும் மகனும் ஆகிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கிற வாசகரை ஏமாற்றி, ஸ்டீபனை இருட்டுக்குள் அனுப்பிவிடுகிறார். தங்கச் சொல்கிறார் ப்ளூம், அவன் மறுத்துவிடுகிறான்.

மறுபக்கத்து வீட்டையும் பார்க்கவேண்டும், இல்லையென்றால் படம் பாதிதான். எலிசபெத் போவென் 1899இல் டப்ளினில் பிறந்தவர். கிராம்வெல் படையோடு வந்த வேல்ஸ்காரர் ஒருவரின் வம்சம், கார்க் மாவட்டத்தில் பெரிய மாளிகை. 1929இல் வந்த அவருடைய ‘தி லாஸ்ட் செப்டம்பர்’ நாவலில், 1920இன் சுதந்திரப் போர் நடுவே அப்படியொரு மாளிகையில் டென்னிஸும் தேநீரும் நடக்கின்றன. லோயிஸ் அங்கே மாமா வீட்டில் வளரும் அநாதைப் பெண். பக்கத்து அறையில் பெரியவர்கள் பேசுவது காதில் விழுகிறது: “லோயிஸ் ரொம்ப...” அடுத்த வார்த்தை வருவதற்குள் அவள் தண்ணீர்க் கூஜாவைத் தூக்கிப் பேசினில் மோதுகிறாள். தான் யார் என்று கேட்க அவளுக்கு விருப்பமில்லை; கேட்டுவிட்டால் அதற்குள்ளேயே அடைபட்டுவிடுவோம் என்று பயம். பேசின் விரிசல் விட்டுவிடுகிறது. ஸ்டீபனிடமும் ப்ளூமிடமும் கேள்வி கேட்டார்கள், இவளுக்குப் பதிலே காதருகில் வருகிறது, இவள் சத்தம் போட்டு மறைக்கிறாள். ஆளும் வர்க்கத்தில் பிறந்து, ஆள்வதற்கு நாடு இல்லாமல் போகப்போகிற பெண்ணுக்கு வேறென்ன வழி? முடிவில் மாளிகையைக் கொளுத்துகிறார்கள். விருந்தாளியை வரவேற்பதுபோல் கதவு திறந்தபடி நெருப்பு எரிகிறது. லோயிஸ் அப்போது பிரெஞ்சு படிக்கப் பிரான்ஸ் போயிருக்கிறாள். போவெனின் சொந்த வீடு தப்பியது. அதை அவரே 1959இல் விற்கவேண்டிவந்தது, வாங்கியவர் இடித்துவிட்டார்.

ஃப்ளான் ஓ’பிரையனை ஒரு வார்த்தையில் தாண்டிவிடலாம். 1939இல் வந்த ‘அட் ஸ்விம் டூ பேர்ட்ஸ்’ நாவலில் கதாபாத்திரங்கள் அப்பா அம்மா இல்லாமல், வளர்ந்த ஆளாகவே நேரடியாகப் பிறக்கலாம் என்று ஒரு ஏற்பாடு. அதை எழுதுகிற மாணவனோ மாமா வீட்டுச் சோற்றில் இருந்துகொண்டு, புத்தகத்தைத் தொடுகிறாயா இல்லையா என்று தினமும் வசவு வாங்குகிறான்.

கடைசியாக சாமுவேல் பெக்கெட். டப்ளின் புறநகரில் வசதியான புராட்டஸ்டண்ட் குடும்பம். 1938இல் வந்த ‘மர்ஃபி’யின் நாயகனுக்கு அயர்லாந்தில் தடுக்கி விழுந்தால் கிடைக்கிற பெயர். லண்டனில் ஆடுநாற்காலியில் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டு கிடக்கிறான். காதலி சீலியாவின் தாத்தா, அங்கே ரோச் கேட்ட அதே கேள்விகளை வரிசையாகக் கேட்கிறார்: யார் இந்த மர்ஃபி? எந்த ஊர்? என்ன குடும்பம்? என்ன வேலை? காசு இருக்கிறதா? சீலியாவின் முதல் பதில்: மர்ஃபி என்றால் மர்ஃபி. வேலை எதுவும் இல்லை, ஊர் டப்ளின். “அட கடவுளே!” என்கிறார் தாத்தா. தன் சாம்பலை டப்ளின் அபி தியேட்டருக்குக் கொண்டுபோய், நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது அங்குள்ள கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று மர்ஃபி உயில் எழுதிவைக்கிறான். தேசிய நாடக அரங்கத்துக்கு ஒரு நவீனத்துவவாதி செலுத்திய மரியாதை! அதுவும் நிறைவேறவில்லை. பொட்டலத்தை எடுத்துப் போனவன் லண்டன் மதுக்கடையில் கோபத்தில் அதை ஒருவன்மேல் வீச, சாம்பல் தரையில் சிதறி பீரோடும் சிகரெட் துண்டோடும் கூட்டித் தள்ளப்படுகிறது.

போருக்குப் பிறகு பெக்கெட் பிரெஞ்சில் எழுத ஆரம்பித்தார். ஸ்டீபன் டீனிடம் பொறாமைப்பட்ட அந்த ஆங்கிலத்தையே விட்டுவிட்டார். அப்படியும் அந்தப் பிரெஞ்சு நாவல்களின் ஆட்களுக்கு மொலாய், மோரன், மலோன் என்று ஐரிஷ் பெயர்கள்தான். 1951இல் வந்த ‘மொலாய்’, “நான் என் அம்மாவின் அறையில் இருக்கிறேன்” என்று தொடங்கும். அம்மாவைப் பார்க்கச் சைக்கிளில் கிளம்பிய மொலாயைப் போலீஸ் பிடித்து ஸ்டேஷனில் உட்காரவைக்கிறது. நாடும் ஊரும் எதுவென்றே தெரியாத ஒரு கதையில், அதே கேள்வி கடைசியாக ஒரு தடவை வருகிறது. பெயர் என்ன? அவருக்கு ஞாபகம் இல்லை. திடீரென்று ஞாபகம் வந்து, “மொலாய்! என் பெயர் மொலாய்” என்று கத்துகிறார். உங்கள் அம்மாவின் பெயரும் மொலாய்தானா என்கிறார் போலீஸ்காரர். மொலாய் கொஞ்ச நேரம் யோசிக்கிறார். ஆமாம், அவள் பெயரும் மொலாயாகத்தான் இருக்கவேண்டும் என்கிறார்.